தனி இலைக்கு இருட்டு, முழுச் செடிக்கு இருட்டு: மைட்டோகாண்டிரியா என்ன செய்கிறது?

மஞ்சள்இலை (உதகை)

பாடத்தில் வருவது இது. அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியில் ஒரே ஓர் இலையை மட்டும் ஒளி படாமல் மூடினால் ஆறு நாளுக்குள் மஞ்சளாகிவிடுகிறது. செடி முழுவதையும் இருட்டில் வைத்தால், அதே வயது இலை அந்த ஆறு நாளும் ஏறக்குறைய பச்சையாகவே நிற்கிறது. இருட்டு இரண்டு இலைக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? செல்லில் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். இலை மூப்பு என்றால் பச்சையம் சிதைவது என்று மட்டும் படித்த மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

இரண்டாவது, இதை இளநிலை மாணவர்களுக்குச் செய்முறையாக வைக்க வேண்டும். கைவசம் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், வாட்டர் பாத், பழைய ஆக்சிஜன் எலக்ட்ரோடு. அதிவேக சென்ட்ரிஃபியூஜ் கிடையாது.

சோலைநிழல்

முதலில் அந்த வித்தியாசம். மூடிய ஒற்றை இலையைச் சுற்றி மற்ற இலைகள் வெயிலில் வேலை செய்கின்றன. செடிக்குச் சர்க்கரைப் பஞ்சம் இல்லை. வளரும் நுனி நைட்ரஜன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒளியில்லாத இலை இனிச் சம்பாதிக்காது என்று ஆனதும், அதில் இருக்கும் சரக்கைக் கழற்றி வேறு இடத்துக்கு அனுப்புவது செடிக்கு லாபம். முழுச் செடியும் இருட்டில் இருந்தால் அனுப்பவும் இடமில்லை, கேட்கவும் ஆளில்லை. எல்லா இலையும் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. எல்லையில்லாமல் அல்ல, நாள் போகப் போக அவையும் விழும்.

ஆக, மூப்பு என்பது பட்டினிச் சாவு அல்ல, திட்டமிட்டுக் கழற்றுவது. கழற்றவும் ஏற்றி அனுப்பவும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வேண்டும். ஒளி இருந்தவரை பசுங்கணிகம் கொடுத்தது. இப்போது கழற்றப்படுவதே பசுங்கணிகம்தான். கோதுமை, நெல், உருளை போன்ற சி3 செடிகளில் இலை நைட்ரஜனில் சுமார் முக்கால் பங்கு அதற்குள்தான் இருக்கிறது, அதில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ. அதனால் கடைசிவரை ஏடிபி தரும் பொறுப்பு மைட்டோகாண்டிரியாவுக்கு வந்து சேர்கிறது. மூக்கும் முழியுமாக மைட்டோகாண்டிரியாவும் உட்கருவும் இருக்கும்போதே பசுங்கணிகம் சுருங்கிப் போயிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். மைட்டோகாண்டிரியாவின் எண்ணிக்கை ஓரளவு குறையும், மீதி இருப்பவை ஓடும். வாக்குவோலின் (செல்லுக்குள் நீர் நிறைந்த பை) சவ்வு கிழியும்போதுதான் செல்லின் கதை முடிகிறது.

எரிபொருள் எது என்பதுதான் சுவையான இடம். சர்க்கரை தீர்ந்த பிறகு அமினோ அமிலங்கள். ரூபிஸ்கோ உடைந்து வரும் லியூசின், ஐசோலியூசின், வேலின், லைசின் ஆகியவை மைட்டோகாண்டிரியாவுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றின் எலக்ட்ரான்கள் எலக்ட்ரான் கடத்தும் ஃபிளாவோபுரதம் வழியாக நேரே சுவாசத் தொடரில் எலக்ட்ரான் சுமக்கும் யுபிகுவினோனில் இறங்குகின்றன. முதலாம் கூட்டை (கூடு என்பது சுவாசத் தொடரின் புரதத் தொகுதி) தொடாததால் ஏடிபி மகசூல் குறைவு, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். இந்தப் பாதையில் ஒரு நொதி இல்லாத திடீர்மாற்றச் செடிகளை இருட்டில் வைத்தால் இயல்பான செடிக்கு முன்பே வாடிவிடும். இந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸும் மைட்டோகாண்டிரியாவில்தான். குளூட்டமேட்டிலிருந்து அம்மோனியத்தைக் கழற்றி, மிச்சமான 2-ஆக்சோகுளூட்டரேட்டை சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குத் தள்ளுகிறது. அம்மோனியம் வீணாவதில்லை, சைட்டோசோலில் உள்ள குளூட்டமின் சிந்தேஸ் பிடித்து குளூட்டமினாக்கி, உணவு கடத்தும் திசுவான ஃபுளோயத்தில் ஏற்றுகிறது. கார்பனை இலையே எரிக்கிறது, நைட்ரஜன் ஊருக்குப் போகிறது.

கவாத்துக்கத்தி (கோத்தகிரி)

நல்ல விளக்கம் சார். ஆனால் ஒரு கேள்வி. வயதாவதற்கே காரணம் மைட்டோகாண்டிரியாவில் கசியும் ஆக்சிஜன் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) என்று எங்கும் சொல்கிறார்களே? அப்படியானால் இலையை முதுமையாக்குவதும் அதுதானே? தேயிலையில் அடி இலைகள் உதிர்வதற்கும் இதையே காரணமாகச் சொல்லும் உர விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். "ஆன்டி ஆக்சிடன்ட் ஸ்பிரே" என்று பாட்டிலில் வருகிறது.

சோலைநிழல்

அது விலங்குகளுக்காக எழுதப்பட்ட கோட்பாடு. பச்சை இலைக்கு அப்படியே பொருந்தாது. ஒளியில் இருக்கும் இலையில் இந்த உறுப்புகள் அதிகம் உண்டாகும் இடம் பசுங்கணிகமும் பெராக்சிசோமும்தான். மைட்டோகாண்டிரியாவின் பங்கு சிறிது. தவிர, செடி மைட்டோகாண்டிரியாவில் ஒரு மாற்று வழி இருக்கிறது: மாற்று ஆக்சிடேஸ். யுபிகுவினோனிலிருந்து எலக்ட்ரானை வாங்கி நேரே ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். மூன்றாம், நான்காம் கூடுகள் தவிர்க்கப்படும், அந்தப் பகுதி ஆற்றல் வெப்பமாகப் போகும். சங்கிலியில் எலக்ட்ரான் தேங்கினால்தான் கசிவு. தேங்காமல் வடிகட்ட இது ஒரு மதகு. குளிரிலும் வறட்சியிலும் பல செடிகள் இந்த நொதியைக் கூட்டிக்கொள்கின்றன.

தேயிலையில் அடி இலை போவதற்கு நிழல், வயது, நைட்ரஜன் பற்றாக்குறை, மக்னீசியப் பற்றாக்குறை, சிலந்திப் பேன் என்று பார்க்க வேண்டியது ஏராளம். அதையெல்லாம் பார்க்காமல் பாட்டிலுக்குப் போக வேண்டாம்.

கேத்திக்கிழங்கு

இங்கே உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இலையின் சுவாசமும் குறையும், அதனால்தான் மலையில் இலை நாள்பட நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். சரியா?

ஆய்வகமேசை (குன்னூர்)

சரியில்லை. உதகை 2,240 மீட்டர். காற்றழுத்தம் 77–78 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. ஆக்சிஜன் நாலில் ஒரு பங்கு குறைவுதான், ஆனால் மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜனைப் பிடிக்கும் நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைந்த செறிவிலேயே பாதி வேகத்தை எட்டிவிடும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் இங்கே 190 மைக்ரோமோலாருக்கு மேல் இருக்கிறது. பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் ஒரே விகிதத்தில் குறைவதால் ஒளிச்சுவாசமும் அந்தக் காரணத்தால் பெரிதாக மாறாது. மலையில் இலை மெதுவாக மூப்படைவதற்கு முதல் காரணம் குளிர். பத்து டிகிரி குறைந்தால் சுவாச வேகம் ஏறக்குறைய பாதி.

உயரம் தொந்தரவு தருவது செடிக்கு அல்ல, கருவிக்கு. மஞ்சள்இலை சாரிடம் ஆக்சிஜன் எலக்ட்ரோடு இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். கையேட்டு அட்டவணையில் 25 டிகிரியில் காற்று நிறைந்த நீரில் 258 மைக்ரோமோலார் ஆக்சிஜன் என்று இருக்கும். அது கடல்மட்டக் கணக்கு. உதகையில் கணக்கிடும் முறை: உள்ளூர் அழுத்தத்திலிருந்து நீராவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கலைக் கழியுங்கள்; 101.3-இலிருந்தும் அதையே கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 258-ஆல் பெருக்குங்கள். சுமார் 195 வரும். 258 என்றே போட்டுவிட்டால் உங்கள் சுவாச வேகம் முழுக்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். மாணவர் ஒப்பிடுவது இலைக்கு இலை என்றால் விகிதம் தப்பிக்கும்; சமவெளி ஆய்வுக் கட்டுரையோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார்கள். அழுத்தத்தைப் பாரோமீட்டரில் நேரடியாகப் படியுங்கள். வானிலைச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம், 1,010-க்கு மேல் மில்லிபார் காட்டினால் அது உங்கள் மேசை அழுத்தம் அல்ல.

எலக்ட்ரோடின் சுழிய அளவுக்கு, ஆக்சிஜனைத் தின்னும் சோடியம் டைதயோனைட் சிறு சிட்டிகை. பிறகு கலத்தை நாலைந்து முறை கழுவுங்கள், ஒட்டியிருக்கும் துகள் அடுத்த மாதிரியின் ஆக்சிஜனைத் தின்னும்.

இலையை 1–2 மி.மீ. கீற்றாக அரிந்து போடும்போது ஒரு பொறி இருக்கிறது. வெட்டிய விளிம்பைப் பழுப்பாக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி ஆக்சிஜனை இழுக்கும். அது சுவாசம் அல்ல. கீற்றுகளைத் தாங்கல் கரைசலில் அரைமணி நேரம் கழுவி, நீரை இருமுறை மாற்றிவிட்டு அளந்தால் பெரும்பாலும் அடங்கும். தேயிலைக் கொழுந்தில் அடங்காது. அதில் உலர் எடையில் கால் பங்கு வரை பாலிஃபீனால். செய்முறைக்குத் தேயிலையைத் தொடாதீர்கள்.

சயனைடு போட்டு மாற்று ஆக்சிடேஸை அளக்கிறோம் என்று யாராவது யோசனை சொன்னால் இளநிலை ஆய்வகத்தில் வேண்டவே வேண்டாம். ஆபத்து ஒருபுறம், பாலிஃபீனால் ஆக்சிடேஸும் செம்பு நொதி என்பதால் சயனைடு அதையும் நிறுத்திவிடும், முடிவும் குழம்பும்.

மஞ்சள்இலை

சரி. தேயிலை இல்லையென்றால் எது?

ஆய்வகமேசை

முள்ளங்கி. அராபிடாப்சிஸின் கடுகுக் குடும்பம், இங்கே விதை எங்கும் கிடைக்கும். வேறு குடும்பச் செடிகளில் இருட்டுக்கு இலை நடந்துகொள்ளும் விதம் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. ஐந்தாறு உண்மை இலை வந்ததும் தொடங்குங்கள். எல்லாச் செடியிலும் மூன்றாவது இலை மட்டும். வெவ்வேறு அடுக்கு இலையை ஒப்பிட்டால் வயதைத்தான் அளப்பீர்கள், இருட்டை அல்ல. மூன்று குழு: திறந்தவை, மூன்றாம் இலை மட்டும் மூடியவை, முழுச் செடியும் இருட்டில். குழுவுக்கு, எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து செடி. நாள் 0, 2, 4, 6, 8.

உறைக்கு உள்ளே கறுப்புத் தாள், வெளியே அலுமினியத் தாள் பளபளப்புப் பக்கம் வெளியே தெரிய. அலுமினியம் மட்டும் போட்டால் குண்டூசித் துளை வழியே ஒளி கசியும். கறுப்பு மட்டும் போட்டால் வெயிலில் உள்ளே சூடேறும். உறையின் அடிப்பக்கம் தளர்வாகத் திறந்திருக்கட்டும், மூப்பைத் தூண்டும் வாயுவான எத்திலீனும் ஈரமும் வெளியேற வேண்டும். காம்பை நெரிக்கக் கூடாது. ஃபுளோயம் அடைபட்டால் ஏற்றுமதி நின்றுபோகும், ஆய்வின் அடிப்படையே போய்விடும். உள்ளே வியர்த்தால் சாம்பல் பூஞ்சணம் வரும், அந்த இலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வெப்பநிலை 20–22 டிகிரி. ஜனவரியில் சூடேற்றாத அறையில் வைத்தால் "ஆறு நாள்" பன்னிரண்டு நாளாகும், மாணவர் "வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

பச்சையம்: ஒரு செ.மீ. விட்டத்தில் நான்கு வட்டு, 80 சதவீத அசிட்டோன் 5 மி.லி., சிட்டிகை கால்சியம் கார்பனேட். அது இல்லாவிட்டால் செல் அமிலம் மக்னீசியத்தைப் பிடுங்கி ஃபியோஃபைட்டின் ஆக்கிவிடும், இல்லாத மூப்பை இருப்பதாகக் காட்டும். மூடியுள்ள குழாயில், இருட்டில், வட்டு வெளுக்கும்வரை. 750-இல் படித்துக் கலங்கல் இல்லை என்று உறுதி செய்தபின் 663.2, 646.8 நானோமீட்டர். பச்சையம் ஏ = 12.25 × (663.2-இல் அளவு) − 2.79 × (646.8-இல் அளவு). பச்சையம் பி = 21.50 × (646.8-இல் அளவு) − 5.10 × (663.2-இல் அளவு). விடை மி.லி.க்கு மைக்ரோகிராம். இலைப் பரப்புக்குக் கணக்கிடுங்கள், ஈர எடைக்கு வேண்டாம். மூடிய இலை எடையும் இழக்கும்.

மைட்டோகாண்டிரியா பக்கத்துக்கு டெட்ராசோலியம். டிரைஃபீனைல் டெட்ராசோலியம் குளோரைடு நிறமற்றது. உயிருள்ள செல்லின் சுவாசத் தொடரிலிருந்து எலக்ட்ரான் வாங்கினால் சிவந்த ஃபார்மசான் ஆகும். 0.05 மோலார் பாஸ்பேட் தாங்கல், பிஹெச் 7.4, அதில் 0.6 சதவீத டெட்ராசோலியம், 0.05 சதவீத ட்வீன் 20. குழாய்க்கு 100 மி.கி. இலைக் கீற்று, 3 மி.லி. கரைசல். வெற்றிடத்தில் சில நிமிடம் வைத்துக் கீற்றுகள் மூழ்கியபின், 30 டிகிரியில் 15 மணி நேரம், கட்டாயம் இருட்டில். ஒளி பட்டால் கரைசல் தானே சிவக்கும். பிறகு கழுவி, 95 சதவீத எத்தனால் 7 மி.லி.யில் வாட்டர் பாத்தில் சூடேற்றி எடுத்து 530-இல் படியுங்கள்.

இரண்டு கட்டுப்பாடுகளைத் தவறவிடாதீர்கள். ஒன்று, டெட்ராசோலியம் இல்லாத இலை: பச்சையமும் 530-இல் கொஞ்சம் உறிஞ்சும், திறந்த இலையில் அது அதிகம். மற்றது, கொதிக்கவைத்துக் கொன்ற இலை: அது சிவந்தால் பாக்டீரியா வேலை, அல்லது வேறேதோ ஒடுக்கி. இலையை முன்கூட்டியே நன்றாக அலசுங்கள்.

ஆறாம் நாள் எதிர்பார்க்க வேண்டியது: மூடிய ஒற்றை இலையில் பச்சையம் சரிந்திருக்கும், சிவப்பு அந்த அளவுக்குச் சரிந்திருக்காது. இரண்டு கோடுகளும் பிரியும் அந்த இடைவெளிதான் பாடம்.

பூம்பாறைப்பூண்டு (கொடைக்கானல்)

இதைப் படித்த பிறகு பூண்டுக் காட்டுக்கு ஒரு விஷயம் பொருந்துகிறது. அறுவடைக்கு முன் அடித்தாள் மஞ்சளாவதைப் பார்த்து யூரியா போடுகிறார்கள் சிலர். அந்த மஞ்சள் நோயல்ல, இலை பல்லுக்குச் சரக்கு அனுப்புகிறது. அந்த நேரம் நைட்ரஜன் கொடுத்தால் இலை பச்சை பிடிக்கும், முதிர்ச்சி தள்ளிப்போகும், இருப்பு வைத்தால் அழுகல் கூடும். அடியிலிருந்து வரிசையாக, நுனியிலிருந்து தாள் காய்ந்து வந்தால் இயல்பு. நடுத்தாளில் ஊதாப் புள்ளியோடு மஞ்சள் என்றால் ஊதா இலைப்புள்ளி நோய், அதற்கு வேறு வைத்தியம்.

கேத்திக்கிழங்கு

உருளைக்கு அசாக்சிஸ்ட்ரோபின் பூஞ்சணக்கொல்லி அடித்தால் இலை கூடுதல் நாள் பச்சையாக நிற்கிறது. இதற்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் தொடர்பு உண்டா?

சோலைநிழல்

நேரடித் தொடர்பு. அசாக்சிஸ்ட்ரோபின் அடங்கிய ஸ்ட்ரோபிலூரின் குடும்ப மருந்துகள் பூஞ்சணத்தின் மைட்டோகாண்டிரியாவில் மூன்றாம் கூட்டைப் பூட்டுகின்றன. செடியின் மூன்றாம் கூட்டையும் லேசாகத் தொடும், ஆனால் செடியிடம் மாற்று ஆக்சிடேஸ் மதகு இருக்கிறது. கோதுமையில் இந்த மருந்துகள் எத்திலீன் உற்பத்தியைக் குறைத்து மூப்பைத் தள்ளிப்போடுவது காட்டப்பட்டிருக்கிறது. நோய் இல்லாமலேயே பச்சை நீள்வதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் பச்சை நீடித்தால் கிழங்கு பெருக்கும் என்று நம்பி அடிக்கக் கூடாது. இந்த மருந்து பூட்டுவது சைட்டோகுரோம் பி என்ற ஒரே இடத்தை. அதன் மரபணு பூஞ்சணத்தின் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவில் இருக்கிறது. 143-ஆம் இடத்தில் கிளைசின் போய் அலனின் வந்தால் போதும், மருந்து செல்லாக்காசு. அதனால் அடுத்தடுத்து இரண்டு தெளிப்பு இதே குடும்பத்தில் வேண்டாம், மாற்றிமாற்றிப் போடுங்கள். பச்சைக்காகவே அடிப்பது எதிர்ப்புத்திறனை நாமே வளர்ப்பது.

கவாத்துக்கத்தி

புரோக்கோலி லாரியில் மஞ்சளாவதும் இதே கதைதானா?

ஆய்வகமேசை

இதே கதை, ஆனால் இங்கே அனுப்ப இடமில்லாத பூ. பூ மொட்டை வேரிலிருந்து வெட்டிவிட்டோம், சர்க்கரை சில மணி நேரத்தில் தீரும், பிறகு புரதத்தை எரிக்கும். புரோக்கோலி 0 டிகிரியில் கிலோவுக்கு மணிக்கு 10–11 மி.லி. கார்பன் டை ஆக்சைடு விடும். 10 டிகிரியில் 40 பக்கம். 20 டிகிரியில் 140–160. மி.லி. கணக்கை 122-ஆல் பெருக்கினால் டன்னுக்கு ஒரு நாளில் எத்தனை கிலோகலோரி என்று வரும். 150 என்று வைத்தால் 18,300. சரக்கிலிருந்து வெப்பம் வெளியேறவே இல்லையென்றால் ஒரு நாளில் 20 டிகிரி ஏறப் போதுமான சூடு அது, மேட்டுப்பாளையத்தின் வெயில் இல்லாமலே.

விடியலில் அறுத்த பூ பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரை இழக்காமல் ஏற்றுவதுதான் சாமர்த்தியம்: பத்து மணி வெயிலில் சாலையோரம் குவிக்காதீர்கள், சாக்கில் திணிக்காதீர்கள், துளையுள்ள கிரேட்டில் நடுவே காற்றுப்பாதை விட்டு அடுக்குங்கள், முடிந்தால் மேலே ஐஸ். பேரிக்காய், பிளம்ஸ், வாழையோடு ஒரே வண்டியில் வேண்டாம். அவற்றின் எத்திலீன் பச்சையத்தை இன்னும் வேகமாக அழிக்கும்.

தேயிலைக் கொழுந்துச் சாக்கும் இதே விதிதான். அழுத்திக் கட்டினால் நடுவில் சூடேறி இலை சிவக்கும், தொழிற்சாலையில் வாட்டுவதற்கு முன்பே காரியம் கெட்டுவிடும்.

கவாத்துக்கத்தி

உறைபனியில் கருகிய தேயிலை இலை? அதிலும் நைட்ரஜன் திரும்ப உள்ளே போகுமா?

சோலைநிழல்

போகாது. பனிப்படிகம் சவ்வைக் கிழித்தால் செல் ஒரே இரவில் சாகிறது, கழற்ற நேரமும் இல்லை, ஏடிபியும் இல்லை. நைட்ரஜன் கருகிய இலையோடு கீழே விழும். மேலே சொன்ன இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: மூப்படையும் இலையில் பச்சை போய்விடும், டெட்ராசோலியம் சிவக்கும். பனி அடித்த இலையில் முதல் நாள் பச்சையம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், டெட்ராசோலியம் சிவக்காது. எதைக் கவாத்து செய்வது என்று தீர்மானிக்கக் குச்சியின் பட்டையிலும் இதே சோதனையைச் செய்யலாம். பனி விழுந்த அன்று காலையே செய்ய வேண்டாம், இரண்டு மூன்று நாள் கழித்து. அன்றைக்கே செய்தால் சாகப்போகும் திசுவும் கொஞ்சம் சிவந்து ஏமாற்றும்.

மஞ்சள்இலை

குச்சிப் பட்டைக்கு எத்தனால் எடுப்பு அதே நேரம்தானா? வாட்டர் பாத்தை 80-இல் வைக்கலாமா?

ஆய்வகமேசை

இங்கே 80 வேண்டாம். எத்தனால் சமவெளியில் 78-இல் கொதிக்கும், உதகை அழுத்தத்தில் 72 பக்கமே பொங்கிவிடும். 70-இல் வைத்து, குழாய் வாயில் கோலிக்குண்டு போட்டு, நிறம் முழுதும் இறங்கும்வரை. பட்டை தடிப்பு என்பதால் இலையைவிட நேரம் பிடிக்கும். முடிந்ததும் 7 மி.லி.க்குச் சரிசெய்துவிட்டுப் படியுங்கள். பன்சன் அடுப்பு அருகே கூடாது. கொன்ற இலைக் கட்டுப்பாட்டுக்கும் நம் கொதிநீர் 92–93 டிகிரிதான், வழக்கமான ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்தாக வையுங்கள்.